கிடப்பில் கெடும் படகு எஞ்சின்

கொடைக்கானல் மலையடிவாரத்தில், பழனிக்கு அருகே அமைந்த பாலசமுத்திரம் கடலிலிருந்து நெடுந்தொலைவில் உள்ள பேரூர். பாலாறு, பொருந்தலாறு ஆகிய இரண்டின் நீரையும் 65 அடி வரை தேக்கும் அணையே அவ்வட்டாரத்தின் பெரிய நீர்ப்பரப்பு. தமிழகத்தின் உள்நாட்டு நீர்த்தேக்கங்களில் மீன் பிடிப்போர் பெரும்பாலும் பரிசலையும் துடுப்பையுமே நம்பியிருப்பதால், கடலோர ஊர்களில் வீட்டுக்கு வீடு காணப்படும் அவுட்போர்டு எஞ்சின் இத்தகைய சமவெளி ஊர்களில் அன்றாடக் கருவி அன்று. வடகிழக்குப் பருவமழை மிகுந்து ஆறு கரை புரளும் நாளில், மீட்புப் பணியாளரின் ரப்பர் படகோடு வந்து இறங்கும் விருந்தாளி அது. ஆண்டின் பெரும்பகுதியைக் கிடங்கில் கழித்துவிட்டு, பழுது பார்க்க நேரமே இல்லாத ஒரு நாளில் ஓடியாக வேண்டிய எஞ்சின் என்பதால், அது ஏன் கிளம்பிய சிறிது நேரத்தில் நின்றுவிடுகிறது என்ற கேள்வி மீனவர்களுக்கு உள்ள அளவுக்கு, ஏன், அதனினும் கூடுதலாகவே, உள்நாட்டு ஊர்களுக்கும் உரியது.

மீன்வளத் துறையின் ஆவணங்கள் வெளிப்பொருத்தும் இயந்திரம் என்று குறிப்பிடும் அவுட்போர்டு எஞ்சின், படகின் உடலுக்குள் நிலையாகப் பொருத்தப்படாமல், பின்புறப் பலகையில் திருகு கொண்டு மாட்டிக் கழற்றக்கூடியது. மேலே எஞ்சின், நடுவே நீண்ட தண்டு, அடியில் பல்சக்கரப் பெட்டியும் சுழலியும் என மூன்று பகுதிகளைக் கொண்ட இவ்வமைப்பை, அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஓலே எவின்ரூட் என்பவர் 1909ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்து பரவலாக்கினார். இதில் டூ ஸ்ட்ரோக் வகை பெட்ரோலோடு ஆயிலைக் கலந்தே எரிப்பது; பல மாடல்களுக்கு லிட்டருக்கு 20 மில்லிலிட்டர், அதாவது ஐம்பதுக்கு ஒன்று என்ற அளவு சொல்லப்படுகிறது. ஃபோர் ஸ்ட்ரோக் வகைக்கு ஆயில் தனியே ஊற்றப்படும். மின்னணு முறையில் எரிபொருள் செலுத்தும் புதிய மாடல்கள் வந்துவிட்ட போதிலும், மீட்புப் படகுகளிலும் நாட்டுப் படகுகளிலும் இன்னும் பெருவழக்காக இருப்பவை கார்புரேட்டர் கொண்ட சிறிய எஞ்சின்களே என்பதால், இங்கு அவற்றைப் பற்றியே பேசப்படுகிறது.

கிடப்பிலிருந்து எடுத்த எஞ்சினின் பழுது பெரும்பாலும் ஒரே வடிவில் வெளிப்படுகிறது. நாலைந்து முறை கயிற்றை இழுத்ததும் எஞ்சின் கிளம்பிவிடுகிறது. சுற்றி நிற்பவர்கள் நிம்மதி அடைவதற்குள் இழுத்து இழுத்து ஓடி அணைகிறது. மறுபடி இழுத்தால் மறுபடி கிளம்பி மறுபடி அணைகிறது. கிளம்பவே கிளம்பாத எஞ்சினைவிட இது எரிச்சலூட்டுவது என்றாலும், பழுது தேடுபவருக்கு இதுவே நல்ல செய்தி. கிளம்பிய எஞ்சின், தன் பிளக்கில் தீப்பொறி இருக்கிறது என்பதையும், சிலிண்டரில் அழுத்தம் இருக்கிறது என்பதையும், ஒருமுறையேனும் எரிபொருள் வந்து சேர்ந்தது என்பதையும் தானே சான்று காட்டிவிட்டது. இனித் தேட வேண்டியது, கிளம்பும்போது இருந்து பிறகு இல்லாமல் போனது எது என்பதை மட்டுமே. அதைக் கண்டறிய எந்தக் கருவியும் எடுப்பதற்கு முன்பாகக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது நல்லது. ஏனெனில் எஞ்சின் எத்தனை நேரம் ஓடி அணைந்தது என்பதே பழுது எங்கே உள்ளது என்பதைப் பெருமளவு சொல்லிவிடும்.

இதன் காரணம் கார்புரேட்டரின் அமைப்பில் உள்ளது. டேங்கிலிருந்து வரும் பெட்ரோல் நேரே சிலிண்டருக்குச் செல்வதில்லை. கார்புரேட்டரின் அடியில் உள்ள சிறு கிண்ணத்தில் முதலில் நிரம்புகிறது. கிண்ணத்தில் மிதக்கும் மிதவை உயர்ந்ததும் அதனோடு இணைந்த ஊசி வழியை அடைக்கிறது. பெட்ரோல் குறைந்து மிதவை தாழ்ந்ததும் வழி திறக்கிறது. கிண்ணத்திலிருந்து பெட்ரோலை உறிஞ்சி, உள்ளே வரும் காற்றில் தூவலாகக் கலக்கும் நுண்துளைத் திருகாணிகளுக்கு ஜெட் என்று பெயர். மெதுவான ஓட்டத்துக்கு ஒன்றும், வேக ஓட்டத்துக்கு ஒன்றும் தனித்தனியாக உண்டு. மெதுவான ஓட்டத்துக்கான பைலட் ஜெட்டின் துளை ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். எனவே எஞ்சின் சில வினாடிகளில், குறிப்பாகச் சோக்கைத் தள்ளிய உடனே அணைந்தால், கிண்ணத்தில் பெட்ரோல் இருந்தும் ஜெட் வழியே போதிய அளவு வரவில்லை என்று பொருள். ஓரிரு நிமிடம் ஒழுங்காக ஓடி, பிறகு மெல்ல மூச்சடங்கினால், கிண்ணத்தில் இருந்தது தீர்ந்த பின் டேங்கிலிருந்து புதிதாக வந்து சேரவில்லை என்று பொருள். கால் மணி நேரம் வரை நன்றாக ஓடி, சூடேறிய பின் நின்று, ஆறிய பின் மறுபடி கிளம்பினால், குறை எரிபொருளில் இருப்பதைவிடத் தீப்பொறியிலோ குளிரூட்டலிலோ இருக்கவே வாய்ப்பு மிகுதி.

இம்மூன்றில், கிடப்பில் கிடந்த எஞ்சினுக்கு மிகப் பொதுவானது முதலாவதே. பெட்ரோல் என்பது ஒரே பொருள் அன்று. எளிதில் ஆவியாகும் இலகுவான பகுதிகளும், தங்கிவிடும் கனமான பகுதிகளும் கலந்த கலவை. மாதக்கணக்கில் கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோலில் இலகுவான பகுதிகள் மூடியின் துளை வழியே ஆவியாகிப் போக, எஞ்சியவை காற்றின் ஆக்சிஜனோடு வினைபுரிந்து, பழுப்பு நிறத்தில் வார்னிஷ் பூசியது போன்ற படலமாக உறைந்துவிடுகின்றன. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் இதோடு ஆயிலும் சேர்வதால் கிண்ணத்தின் அடியில் பிசுபிசுப்பான கசடு நிற்கும். கிண்ணத்தைத் தாங்கும் திருகுகளைக் கழற்றி, அதை ஒரு வெள்ளைத் தட்டில் கவிழ்த்துப் பார்த்தால் குறை கண்முன்னே தெரிந்துவிடும்: நல்ல கிண்ணம் பளிச்சென்ற உலோக நிறத்தில் இருக்கும், கெட்ட கிண்ணத்தில் விளிம்பில் பச்சை படிந்து, அடியில் மணல் போன்ற துகளும், விரல் நுனியில் ஒட்டும் பழுப்புப் பசையும் காணப்படும், மூக்கில் பெட்ரோல் வாசனைக்குப் பதிலாகப் பழைய பெயின்ட் டப்பாவின் புளித்த நெடி அடிக்கும்.

பைலட் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், துளை வழியே வட்டமான ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். தெரியாவிட்டாலும், பிறைபோலக் குறைந்து தெரிந்தாலும் அதுவே எஞ்சினை நிறுத்திய குற்றவாளி. கார்புரேட்டர் கிளீனர் திரவத்தில் ஊறவைத்து, அழுத்தக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்வதே முறை. ஊசியோ கம்பியோ கொண்டு குத்திப் பெரிதாக்குவது பட்டறைகளில் காணப்படும் கெட்ட பழக்கம். துளையின் அளவு மிகச் சிறிது மாறினாலும் பெட்ரோலும் காற்றும் கலக்கும் விகிதம் மாறிவிடும், அப்படி மாறிய எஞ்சின் பிறகு ஒருபோதும் சீராக ஓடுவதில்லை. அவ்வாறே, பழுது என்றதும் காற்றுத் திருகையும் ஐடிலிங் திருகையும் திருப்பத் தொடங்குவதும் தவறு. கிடங்கில் கிடந்த காலத்தில் அத்திருகுகள் தாமாகத் திரும்பியிருக்க முடியாது. முன்பு சரியாக ஓடிய இடத்திலேயே அவை இருக்கின்றன.

இந்தியாவில் இச்சிக்கலை அண்மைக்காலத்தில் கூர்மையாக்கியிருப்பது பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனால். கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்தும் தானியங்களிலிருந்தும் வடிக்கப்படும் இந்த ஆல்கஹாலின் பங்கு 2022ஆம் ஆண்டில் 10 விழுக்காட்டை எட்டியது. 20 விழுக்காடு கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2030ஆம் ஆண்டுக்கென முதலில் வைக்கப்பட்ட அந்த இலக்கு 2025ஆம் ஆண்டிலேயே எட்டப்பட்டது. கரும்பு விளையும் பழனி வட்டாரத்துக்கு இதில் மகிழ ஒரு காரணம் இருக்கலாம். கிடங்கில் கிடக்கும் எஞ்சினுக்கு இல்லை. எத்தனால் காற்றின் ஈரத்தை ஈர்க்கும் தன்மையுடையது. அன்றாடம் ஓடும் வண்டியில் பெட்ரோல் தங்குவதில்லை என்பதால் இது பெரும் பொருட்டாவதில்லை. பாதி நிரம்பிய டேங்கில் ஒரு மழைக்காலம் முழுவதும் கிடந்தால், ஈர்த்த ஈரம் ஒரு எல்லையைத் தாண்டியதும், எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகிப் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். எரிபொருளை உறிஞ்சும் குழாயின் வாயும் டேங்கின் அடியில்தான் இருக்கிறது. மேலும், எத்தனாலை எண்ணி வடிவமைக்கப்படாத பழைய எஞ்சின்களின் ரப்பர் குழாய்களும் பம்பின் சவ்வும் அதில் ஊறிப் பருத்தோ, பின் காய்ந்து விறைத்தோ போகின்றன.

பெட்ரோலைச் சோதிக்க ஒரு கண்ணாடிப் பாட்டில் போதும். கார்புரேட்டர் கிண்ணத்தின் வடிதிருகைத் தளர்த்திச் சிறிதளவும், டேங்கின் அடியிலிருந்து சிறிதளவும் பிடித்து, பாட்டிலை அசையாமல் சற்று நேரம் வைத்தால், தண்ணீர் இருந்தால் அடியில் தனிக்கோடாகவோ, உருளும் மணிகளாகவோ தெரியும். அவ்வாறு தெரிந்துவிட்டால் வடிகட்டிப் பயன்படுத்தலாமா என்று தயங்கிக்கொண்டிருப்பது வீண். பழைய பெட்ரோலை முழுவதும் அகற்றி, டேங்கைக் காயவைத்து, புதியதை ஊற்றுவதே மலிவான வழி. பெட்ரோலின் விலையை எண்ணிப் பழையதோடு புதியதைக் கலந்து ஓட்டுபவர்கள், அதைவிட அதிகமான தொகையைப் பட்டறையில் கொடுக்கிறார்கள்.

இரண்டாவது வகைப் பழுதைக் கண்டறிய, டேங்குக்கும் எஞ்சினுக்கும் இடையே குழாயில் உள்ள ரப்பர்க் குமிழே சோதனைக் கருவி. கிளம்புவதற்கு முன் கிண்ணத்தை நிரப்பக் கையால் அழுத்தப்படும் இக்குமிழின் இரு முனையிலும் ஒருவழித் தடுப்பிதழ்கள் உள்ளன. குமிழின் மேலுள்ள அம்புக்குறி எஞ்சினை நோக்கியபடி, அதைச் செங்குத்தாகப் பிடித்து அழுத்தினால் சில அழுத்தங்களில் அது கெட்டிப்பட வேண்டும். எத்தனை அழுத்தினாலும் கெட்டிப்படாவிட்டால், எங்கோ காற்று வாங்குகிறது, அல்லது இதழ்கள் அடைக்கவில்லை. இணைப்பு முனையில் உள்ள ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருப்பதும், கிடங்கில் எலி குழாயைக் கடித்திருப்பதும் வழக்கமான காரணங்கள். எஞ்சின் ஓடும்போது குமிழ் உள்ளொடுங்கித் தட்டையானால், அடைப்பு டேங்கின் பக்கம் உள்ளது. இதில் பெரும்பாலும் கண்டுபிடிக்கப்படும் குற்றம் சிரிப்பை வரவழைப்பது: டேங்க் மூடியின் மேலுள்ள காற்றுத் திருகைத் திறக்க மறந்திருப்பார்கள், உள்ளே காற்றுப் புக வழியில்லாததால் பெட்ரோல் வெளியே வர மறுக்கிறது. அணையப் போகும் எஞ்சின் குமிழை அழுத்திக்கொண்டே இருந்தால் மட்டும் ஓடுகிறது என்றால், எஞ்சினில் உள்ள எரிபொருள் பம்பின் சவ்வு விறைத்து வேலை செய்வதை நிறுத்திவிட்டது, கை அதன் வேலையைச் செய்கிறது என்று முடிவு செய்யலாம்.

கன்னியாகுமரிக் கடற்கரையிலும் கேரளத்திலும் மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டு எஞ்சின்கள் மிகுதி. அங்கே இச்சிக்கல் வேறொரு வடிவம் எடுக்கிறது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது என்பதால், சிறு டேங்கில் உள்ள பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பின்பே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கரை சேரும் முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிச் சில நிமிடம் ஓட்டி நிறுத்த வேண்டும் என்பது அங்கே எழுதப்படாத சட்டம். அதைச் செய்யாமல் மண்ணெண்ணெயிலேயே நிறுத்திய எஞ்சினின் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தங்கிவிடுகிறது. அடுத்த முறை இழுக்கும்போது பிளக் நனைந்து, எஞ்சின் கரும்புகை விட்டு இரண்டு முறை உறுமி அடங்கிவிடும். புயல் எச்சரிக்கையால் படகு கரையேறி, சில நாள் என்று எண்ணியது சில வாரமானால், இந்த ஒரு மறதியே கார்புரேட்டரைக் கழற்ற வைத்துவிடும்.

மூன்றாவது வகையில், சூடேறிய பின் அணையும் எஞ்சினில் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர். அவுட்போர்டு எஞ்சினுக்கு ரேடியேட்டர் இல்லை. அடிப்பெட்டியில் உள்ள இம்பெல்லர் எனும் ரப்பர் இதழ்ச் சக்கரம் ஆற்று நீரையோ கடல் நீரையோ உறிஞ்சி மேலேற்றி, எஞ்சினைச் சுற்றிவரச் செய்து வெளியேற்றுகிறது. அந்நீரில் ஒரு பகுதி பக்கவாட்டிலுள்ள சிறு துளை வழியே பீய்ச்சி அடிப்பதைக் கண்ணால் பார்க்கலாம். மாதக்கணக்கில் ஒரே நிலையில் மடங்கிக் கிடந்த இம்பெல்லர் இதழ்கள் விறைத்து, நிமிர மறுக்கும். உலர்ந்த தரையில் ஓட்டிப் பார்த்தாலோ, நீரின் மசகு இல்லாமல் உரசி, ஒரு நிமிடத்துக்குள்ளேயே கருகிவிடக் கூடும். எஞ்சின் வேலை செய்கிறதா என்று கிடங்கிலேயே இழுத்துக் காட்டுபவர்கள் செய்யும் தீங்கு இதுதான். பீய்ச்சல் வராவிட்டால் இம்பெல்லரைக் குறை கூறுமுன் அச்சிறு துளையைப் பார்ப்பது நலம். தமிழகத்துக் கிடங்குகளில் அத்துளை குளவிக்கு ஏற்ற வீடு. மண் கூடு கட்டி அடைத்திருந்தால், தூண்டிலுக்குப் பயன்படும் தடித்த தங்கூஸ் நரம்பைச் செருகி எடுத்தாலே தண்ணீர் வந்துவிடும். தண்ணீர் நன்றாக வந்தும் எஞ்சின் சூட்டில் நின்றால், நின்ற அதே நொடியில் பிளக்கில் தீப்பொறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காயிலின் உட்சுற்று சூட்டில் விலகி, ஆறிய பின் இணைந்துகொள்வது உண்டு என்பதால், ஆறிய எஞ்சினில் செய்யும் சோதனை ஏமாற்றும்.

கடலோர எஞ்சினுக்கு உப்பு எப்படியோ, சமவெளியின் வெள்ளத்தில் ஓடிய எஞ்சினுக்குச் சேறு அப்படி. ஊருக்குள் புகுந்த வெள்ளத்தில் மண், வைக்கோல், பிளாஸ்டிக் பை என எல்லாமே மிதந்து வருகின்றன. மீட்புப் பணி முடிந்ததும் களைத்த ஆட்கள் எஞ்சினை அப்படியே வண்டியில் ஏற்றிக் கிடங்கில் சேர்த்துவிட்டால், நீர்வழிகளில் தங்கிய வண்டல் காய்ந்து இறுகி, அடுத்த ஆண்டின் பழுதாகக் காத்திருக்கும்.

2015 டிசம்பர் தொடக்கத்தில் சென்னையிலும், 2018 ஆகஸ்டில் கேரளத்திலும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டிய 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்திலும், மீனவர்கள் தங்கள் படகுகளோடு வந்து மக்களை மீட்டனர். அவர்களுடைய துணிவும் நீரை அறிந்த அனுபவமும் பாராட்டப்பட்ட அளவுக்கு, அவர்களின் எஞ்சின்களுக்கு இருந்த ஒரு சாதகம் பேசப்படவில்லை: அவை முந்தைய நாள் வரை கடலில் ஓடிக்கொண்டிருந்தவை. கிண்ணத்தில் பழைய பெட்ரோல் இல்லை, இம்பெல்லர் விறைக்கவில்லை, குளவிக்குக் கூடு கட்ட நேரம் கிடைக்கவில்லை. 2006ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்ட தேசியப் பேரிடர் மீட்புப் படையைப் போன்ற அமைப்புகளுக்கு (தமிழகத்தில் அதன் 4ஆம் பட்டாலியன் அரக்கோணத்தில் உள்ளது) பயிற்சியும் பராமரிப்பும் அன்றாடக் கடமையாக இருப்பதன் பயன் இங்கேதான் தெரிகிறது. வெள்ளத்துக்கென ஒரு படகும் எஞ்சினும் வாங்கி வைத்துவிட்டு, அதை ஓட்டுவதற்கென ஆளும் நாளும் ஒதுக்காத எந்த அலுவலகமும், தன்னிடம் எஞ்சின் இருப்பதாகக் கணக்கில் மட்டுமே காட்ட முடியும்.

கிடப்பில் வைப்பதற்கென்றே ஒரு முறை உண்டு. அது ஒரு மணி நேர வேலை. முதலில் நல்ல தண்ணீர் நிரம்பிய டிரம்மில் எஞ்சினை நிறுத்தி, கியரில் போடாமல், பத்து நிமிடமேனும் ஓட்டி உப்பையோ சேற்றையோ கழுவ வேண்டும். கழுவி முடியும் தறுவாயில் எரிபொருள் குழாயைக் கழற்றிவிட்டால், கிண்ணத்தில் உள்ளது தீர்ந்து எஞ்சின் தானே அணையும். அப்போதும் அடியில் சிறிது தங்கும் என்பதால் வடிதிருகைத் திறந்து அதையும் வடித்துவிட வேண்டும். பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலை விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு மூன்று முறை இழுத்தால் உட்சுவரில் ஆயில் படர்ந்து துரு பிடிக்காது. அடிப்பெட்டியின் கியர் ஆயில் மோர் போல வெளுத்திருந்தால் சீல் வழியே தண்ணீர் புகுந்துள்ளது என்று அறிந்து அப்போதே சீலை மாற்றுவது நல்லது. பிறகு எஞ்சினை நிமிர்த்தியே நிறுத்தி வைக்க வேண்டும். சுழலி மேலாகவும் எஞ்சின் தாழ்வாகவும் சாய்த்துப் போட்டால், புகைக்குழாயில் தேங்கிய நீர் சிலிண்டருக்குள் இறங்கிவிடும்.

இதே கார்புரேட்டர் நோய் அவுட்போர்டுக்கு மட்டும் உரியதன்று. பாலசமுத்திரத்தைச் சுற்றிய தோப்புகளிலும் வயல்களிலும் பயன்படும் பவர் ஸ்பிரேயர், புல்வெட்டும் எஞ்சின், பெட்ரோல் பம்புசெட் ஆகியவையும் பருவம் முடிந்ததும் மூலையில் சாய்த்து வைக்கப்பட்டு, அடுத்த பருவத்தில் கிளம்பிக் கிளம்பி அணைகின்றன. அவற்றைப் பார்த்துப் பழகிய மெக்கானிக், பல்சக்கரப் பெட்டியையும் இம்பெல்லரையும் தவிர, அவுட்போர்டின் மற்ற பகுதிகளைத் தயக்கமின்றிக் கையாள முடியும். கடற்கரைக்கு எஞ்சினைச் சுமந்து செல்ல வேண்டிய தேவை பெரும்பாலும் எழாது.

பருவமழைக்கு முன், செப்டம்பரில் செய்யப்படும் சோதனையில் ஒரு குறை மட்டும் பரவலாகக் காணப்படுகிறது. டிரம் தண்ணீரில் எஞ்சினைக் கிளப்பி, ஐந்து நிமிடம் மெதுவாக ஓட்டி, சரியாக உள்ளது என்று எழுதிவிடுகிறார்கள். மெதுவான ஓட்டத்தில் எஞ்சின் கேட்கும் பெட்ரோல் மிகச் சிறிது. பாதி அடைத்த குழாயும் தளர்ந்த பம்புச் சவ்வும் அவ்வளவைக் கொடுத்துவிடும். படகில் ஆட்கள் ஏறி, ஆற்றின் ஓட்டத்தை எதிர்த்து முழு வேகத்தில் செல்லும்போதுதான் தேவை பலமடங்காகி, குறை வெளிப்படும். எனவே அச்சோதனையை அணையிலோ நீர் நிறைந்த குளத்திலோ, சுமையேற்றிய படகில், கால் மணி நேரத்துக்குக் குறையாமல் முழு வேகத்தில் ஓட்டியே செய்ய வேண்டும். துடுப்பு இரண்டையும் மறக்காமல் படகில் வைத்துக்கொள்ள வேண்டும்.